படுகளமும் சகதி இசையும்

ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று மறைந்தார். பதினேழு நாள்களுக்கு முன்புதான், ஜூலை 5 அன்று, தான் வளர்ந்த பர்மிங்காம் நகரில், கரிய அரியணை ஒன்றில் அமர்ந்தபடி தன் கடைசிக் கச்சேரியைப் பாடி முடித்திருந்தார். எழுந்து நிற்க இயலாத ஒருவர் பாடுவதைப் பார்த்துக் கலங்கியிருந்த எங்களுக்கு, சாவுச் செய்தி பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஆனாலும் அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பி இருவரும் சமயபுரத்துப் பழைய வீட்டில் கூடினோம். பரண்மேல் ஏறி, தகரப்பெட்டியிலிருந்து ஓர் ஒலிநாடாவை எடுத்தோம். டிடிகே, தொண்ணூறு நிமிடம். அதன் பி பக்கத்தில் பிளாக் சாபத் குழுவினரின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இருந்தது. ஏ பக்கத்தில் எங்கள் பெரியப்பா இருந்தார்.

இந்தக் கட்டுரை அந்த நாடாவைப் பற்றியது. இருவரும் சேர்ந்து செய்த பிழை என்பதால் இருவருமாகவே எழுதுகிறோம்.

பெரியப்பா சமயபுரத்தில் பூக்கட்டிப் பிழைத்தவர். மணப்பாறைப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே பிழைப்புத் தேடி வந்தவர். மாரியம்மன் கோயில் இருக்கும் ஊரில் பூவுக்கு எக்காலமும் குறைவில்லை. அதிலும் மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் இரவிரவாகப் பூ வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். அன்று முதல் இருபத்தெட்டு நாள்கள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி கிடக்கிறாள் என்பது ஐதிகம். அந்நாள்களில் நைவேத்தியம் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். பெரியப்பாவும் அந்த இருபத்தெட்டு நாளும் ஒருவேளைச் சோறுதான் உண்பார். உறுமியும் பம்பையும் வீட்டுச் சுவர்களை அதிரச் செய்துகொண்டிருக்கும். உறுமியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள்; மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பற்றிப் பற்றி வழுக்குவதில் எழுகிற முனகல் இருக்கிறதே, அதைக் காதால் கேட்கிறோமா அடிவயிற்றால் கேட்கிறோமா என்று சொல்வது கடினம். நாங்கள் அந்த முனகலுக்குள் வளர்ந்தவர்கள். அதைக் குறித்து வெட்கப்பட்டும் வளர்ந்தவர்கள்.

பூக்கட்டுவது பெரியப்பாவின் பிழைப்பு. அவருடைய தொழில் வேறு. மாசியில், பூச்சொரிதலுக்கு முன்னால், மகாசிவராத்திரியை ஒட்டி மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயில் திருவிழா வரும். அதற்குப் பெரியப்பா உடுக்கையோடு கிளம்பிவிடுவார். அண்ணன்மார் கதை பாடுவதே அவர் தன் தொழில் என்று கருதியது. பொன்னர் சங்கர் கதை என்றால் பலருக்கும் விளங்கும். கலைஞர் கருணாநிதியின் நாவலாகவும், அதை வைத்து 2011-இல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடமிட்ட திரைப்படமாகவும் அது தமிழ்நாடு முழுக்கச் சென்றது. கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் கொங்குநாட்டுக் கிராமமொன்றில் தங்கி, உடுக்கடிப் பாடகர் ஒருவர் பாடியதை முழுமையாக நாடாவில் பதிந்தார். 1982-இல் அதைப் பற்றி ஓர் ஆய்வு நூல் எழுதினார். 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் பாடலையே இரு தொகுதிகளாக வெளியிட்டது. ஒலிநாடா ஒன்று எத்தனை பெரிய காரியம் செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். குன்னுடையானுக்கும் தாமரைக்கும் நெடுந்தவத்துக்குப் பின் பிறந்தவர்கள் பொன்னரும் சங்கரும். பொன்னர் பொறுமைசாலி, சங்கர் வாளை உறையிலிட அறியாதவர். தங்கை அருக்காணித் தங்காள். நிழல்போல் கூடவே நிற்கும் துணைவன் சாம்புவன். எதிரில் தலையூர்க் காளியும் வேட்டுவர்களும், மலைபோன்ற கொம்பன் பன்றியும். பன்றி வீழ்கிறது, போர் மூள்கிறது, இறுதியில் அண்ணன்மார் இருவரும் வஞ்சனையால் சாகிறார்கள். எப்படிச் சாகிறார்கள் என்பது பாடுபவருக்குப் பாடுபவர் சற்றே மாறும். அதன்பின் வருவதுதான் முக்கியம். தங்காள் படுகளம் தேடி வருகிறாள். அழுகிறாள். பெரியகாண்டியின் அருளால் அண்ணன்மாரை எழுப்புகிறாள். அவர்கள் எழுந்து சிறிது நேரம் அவளோடு பேசுகிறார்கள். பிறகு மீண்டும் போய்விடுகிறார்கள்.

படுகளம் நிகழ்த்தப்படுவதைச் சிறுவயதில் இரண்டு முறை பார்த்திருக்கிறோம். வீரர்களாக வருகிறவர்கள் அருள் வந்து நிலைதப்பி மண்ணில் சரிவார்கள். நடிப்பென்று சொல்லிவிட முடியாத சரிவு அது. பிணங்களைப்போல் வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவார்கள். கிடப்பவனின் மனைவி கூட்டத்தில் நின்று உண்மையாகவே அழுதுகொண்டிருப்பாள். தங்காளாக வருபவர் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்பவேண்டும். எழுப்பாமல் அன்றைய ஆட்டத்தை முடிக்கக் கூடாது. பெரியப்பா இந்த விதியைப் பாட்டுக்கும் வைத்திருந்தார். அண்ணன்மார் விழுந்த இடத்தில் மழை வந்தாலும், மின்சாரம் போனாலும், தொண்டை கட்டினாலும் நிறுத்தமாட்டார். எழுப்பிவிட்டுத்தான் உடுக்கையைக் கீழே வைப்பார்.

1991-ஆம் ஆண்டு, வெளிநாட்டில் வேலைபார்த்த உறவினர் ஒருவர் டேப் ரிகார்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கடைசி இரவுப் பகுதியை மட்டும் தொண்ணூறு நிமிடத்துக்குள் சுருக்கிப் பாடினார். ஏ பக்கம் போரும் சாவும். பி பக்கம் தங்காளின் வருகையும் ஒப்பாரியும் எழுப்புதலும் மங்களமும். பின்பாட்டுக்காரர் அன்று வரவில்லை. கதையின் ஒவ்வோர் அடிக்கும் 'ஆமா' போட ஆள் வேண்டுமென்று எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். எங்களுக்குப் பதின்மூன்றும் பதினொன்றும் வயது. பதிவு முடிந்ததும், நாடாவின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் அவரே உடைத்துவிட்டார். உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தாராம்.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். 1998-இல் எங்களில் ஒருவர் திருச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தோம். விடுதியில் ஒரு நண்பன் வழியாக பிளாக் சாபத் வந்து சேர்ந்தது. 1971-இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யை முதன்முதலில் கேட்ட இரவில் எங்களுக்கு ஏற்பட்ட உணர்வை வியப்பு என்று சொல்லமாட்டோம். இதை முன்பே அறிவோமே என்கிற உணர்வு அது. அந்தத் தாழ்ந்த கித்தார் ஒலியின் பின்னால் ஒரு கதை உண்டு. டோனி ஐயோமி பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். இறுகிய தந்தி விரலை வதைத்ததால் தந்திகளைத் தளர்த்தினார். இந்தத் தொகுப்பில் சில பாடல்களில் மூன்று அரைச்சுரம் வரை இறக்கியிருக்கிறார். தளர்ந்த தந்தி தாழ்ந்து ஒலிக்கும், தடித்து அதிரும். ஒரு தொழிலாளியின் ஊனத்திலிருந்து ஓர் இசைவகையின் கனம் பிறந்தது.

அதன் கொடிவழியில் பிறகு வந்ததே ஸ்லட்ஜ் மெட்டல். ஸ்லட்ஜ் என்றால் சாக்கடையின் அடியில் தங்கும் கருஞ்சகதி. வாஷிங்டன் மாநிலத்து மெல்வின்ஸ், நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஐஹேட்காட், க்ரோபார் முதலான குழுக்கள் 1980-களின் பிற்பகுதி தொட்டு சாபத்தின் நிதானத்தையும் பங்க் இசையின் ஆத்திரத்தையும் ஒன்றாகப் பிசைந்தன. வேகமாக ஓடவேண்டிய கோபம் சேற்றில் புதைந்து நடந்தால் எப்படியிருக்கும்? அதுதான். பிற்பாடு இவ்வகைக் குழுக்கள் தமக்கென நாயகர்களைத் தேடத் தொடங்கின. அட்லாண்டாவின் மாஸ்டடான் 2004-இல் மெல்வில்லின் திமிங்கிலத்தை வைத்து 'லெவியதன்' என்ற முழுத்தொகுப்பே செய்தது. மும்பையின் டர்ஜ் 2018-இல் மாயர்களின் மரண தெய்வத்தின் பெயரால் ஒரு தொகுப்பு வெளியிட்டது. லிவர்பூல் பக்கத்திலிருந்து கோனன் என்றே ஒரு குழு வந்தது. ராபர்ட் இ. ஹோவர்ட் 1932-இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் உலவவிட்ட அந்தக் காட்டுவீரனின் பெயர். பாட்டில் சொற்கள் மிகச் சில. வாள், கோடரி, வீழ்ந்த படை. அவற்றுக்கடியில் பூமி பிளப்பதுபோல் ஒரு கித்தார்.

கோனன் குழுவை நாங்கள் மிகவும் ரசிக்கிறோம். ரசிக்கும்போதே ஒரு வேறுபாடும் உறுத்துகிறது. ஹோவர்டின் கோனனுக்குக் கோயில் இல்லை. அவனைக் குலதெய்வம் என்று சொல்லி முடியிறக்க வருகிற குடும்பம் இல்லை. அவன் வெட்டிச் சாய்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இல்லை. எவரும் எடுத்து ஆடலாம். அண்ணன்மார் அப்படியல்லர். கதையில் எதிரிகளாக வரும் வேட்டுவர்களுக்கு இன்றும் ஊருண்டு, பிள்ளைகளுண்டு. சாம்புவனின் மக்கள் சேரியில் நின்று அதே கதையைக் கேட்கிறார்கள். இக்கதையின் பெருமிதம் சிலருக்கு உரிமைப் பத்திரமாகவும் ஆகிவிட்டது. பெரியப்பாவுக்கு இது தெரியும். சாம்புவன் வரும் இடத்தில் மட்டும் குரலை ஒரு படி ஏற்றிப் பாடுவார். கேட்டால், "அவன் இல்லாட்டி இவனுங்க ஏதுடா" என்பார். வீரத்தைப் பாடுவதும் வீரனின் வாரிசுகளுக்கு முன்னால் நின்று வீரத்தைப் பாடுவதும் ஒன்றல்ல என்பதை நாங்கள் அவரிடமிருந்தே அறிந்தோம். மிகப் பிந்தி அறிந்தோம்.

1998 கோடை விடுமுறை. நண்பனின் நாடாவைப் பிரதியெடுக்க வேண்டும். புதிய நாடா வாங்கக் கையில் காசில்லை. வீட்டில் தொண்ணூறு நிமிட நாடா ஒன்றுதான் இருந்தது. உடைந்த நாக்கின் குழியில் காகிதத்தை மடித்துத் திணித்து, மேலே செல்லோ டேப்பை ஒட்டினோம். ஏ பக்கத்தை விட்டுவைத்தோம். போர்க்காட்சி எங்களுக்கே பிடித்தது. பி பக்கம்தான் ஒப்பாரி. வேண்டாமென்று தோன்றியது. இதை இப்படி எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று எங்களுக்கு ஒரு கணத் தயக்கம்கூட இருக்கவில்லை.

அந்தக் கோடையிலேயே ஒருநாள், திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினோம். எரிச்சலடைவார் என்று எதிர்பார்த்தோம். கைவேலையை நிறுத்தாமல் இரண்டு பாடல்களைக் கேட்டார்.

"இவனுக்கு அவசரமே இல்லையேடா" என்றார்.

ஐயோமியின் விரல்களைப் பற்றிச் சொன்னோம். நாரை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன தன் ஆள்காட்டி விரலை ஒருகணம் பார்த்துக்கொண்டார். "வெரலு போயும் விடலையா? அப்ப அவன் நம்ம ஆளு."

தம் பாட்டின் மீதே அது பதியப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அடுத்த மாசி, 1999. பெரியப்பாவின் குரல் அதற்குள் கம்மத் தொடங்கியிருந்தது. பின்பாட்டுக்கார இளைஞர் தங்காளின் ஒப்பாரியைக் கற்றுக்கொள்ள விரும்பினார். பாடிக் காட்டத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. எனவே அந்த நாடாவைக் கேட்டு வந்தார்கள். நாங்கள் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னோம். பெரியப்பா நாடாவை வாங்கி, காகிதம் திணித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். திட்டவில்லை.

"அப்ப தங்காளு வரலையா?" என்றார். சற்றுப் பொறுத்து, "அவங்க அங்கயேதான் கெடக்குறாங்களா?"

எங்களிடம் பதிலில்லை. பக்கம் முழுதும் போய்விட்டது என்றே நால்வரும் நம்பினோம். ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இது சிறுவர்கள் செய்த தவறு. அவ்வாறு முடியவில்லை. குரல் தேறியிருந்த ஓரிரு ஆண்டுகளில் அவரே, "நல்ல மிசினா ஒண்ணு கொண்டாங்கடா, இன்னொருக்கா பாடித் தாரேன்" என்று சொன்னார். ஒருமுறையல்ல, பலமுறை. ஒருவர் சென்னையிலும் ஒருவர் பெங்களூரிலுமாக வேலையில் இருந்தோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலைச் சொன்னோம். அதே ஆண்டுகளில் பெங்களூரில் மெட்டல் கச்சேரிகள் ஒன்றைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். 2009-இல் பெரியப்பா இறந்தார். நாடாவை நாங்கள் பிறகு தொடவே இல்லை.

2025 ஜூலையில்தான் தொட்டோம். ஆஸிக்காகத்தான் தொட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. திருச்சியில் பழைய கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடமிருந்து டெக் ஒன்றை வாங்கிவந்து, கணினியோடு இணைத்து, பி பக்கத்தை ஓடவிட்டோம். பாடல்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. முன்பெல்லாம் கடைசிப் பாடல் முடிந்ததும் நிறுத்திப் பின்னோக்கிச் சுற்றுவது வழக்கம். அன்று காப்பி போட உள்ளே போயிருந்தோம். கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு 'டக்'. பிறகு உடுக்கை.

கணக்கு எளிது. நாடாவின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் மொத்த நீளம் முப்பத்து நான்கரை நிமிடம். தொகுப்பு முடிந்ததும் பதிவை நாங்களே நிறுத்தியிருக்கிறோம். எஞ்சிய பத்து நிமிடச் சொச்சம் இருபத்தேழு ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது. பொறியியல் படித்த இருவருக்கு இந்தக் கழித்தல் கணக்குத் தோன்றவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் இருப்பது எழுப்புதல். தங்காள் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டாள். தண்ணீர் தெளிக்கிறாள். முதலில் பொன்னர் எழுகிறார், பிறகு சங்கர். பெரியப்பாவின் குரல் நாங்கள் நினைவில் வைத்திருந்ததைவிட இளமையாக இருக்கிறது. உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தி ஒலியை மேலும் கீழுமாக வளைக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு சிறுவர்கள் 'ஆமா' என்கிறார்கள். ஒருவன் சற்று முந்தி, ஒருவன் சற்றுப் பிந்தி. உள்ளே எங்கோ பாத்திரம் விழுகிறது. மங்களம் முடிந்ததும் "அமுக்குடா" என்கிறார். அத்தோடு நாடா தீர்கிறது.

ஆக, அண்ணன்மார் அங்கேயே கிடக்கவில்லை. எழுந்துவிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டவருக்குச் சொல்லத்தான் வழியில்லாமல் போயிற்று.

போனது ஒப்பாரி. வீரத்தை விட்டுவைத்து அழுகையை அழித்திருக்கிறோம். இப்போது ஏ பக்கத்தையும் பி பக்கத்தையும் தொடர்ச்சியாகக் கேட்டால் அண்ணன்மார் விழுகிறார்கள். இடையே நான்கு ஆங்கிலேயர்கள் முப்பத்து நான்கரை நிமிடம் வாசிக்கிறார்கள். பிறகு அண்ணன்மார் எழுகிறார்கள். ஒரு கணம் அதுவே பொருத்தம்போலவும் தோன்றியது. இல்லை. அது எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம். தங்காள் அழாமல் எவரும் எழுவதில்லை. கனமான இசையில் நாங்கள் இத்தனை காலம் தேடியதும் ஒருவேளை அந்த அழுகையைத்தானோ என்று ஐயம் வருகிறது. ஐஹேட்காட்டின் ஓலத்தைக் கேட்கும்போதெல்லாம் பரிச்சயமான ஒன்று எட்டாமல் நழுவுவதாக உணர்ந்திருக்கிறோம். வீட்டில் இருந்ததை அழித்துவிட்டு வெளியே தேடியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

அன்றைய பின்பாட்டுக்காரரைத் தேடினோம். மணப்பாறைப் பக்கத்தில் இருக்கிறார்; ஐம்பதைத் தாண்டிவிட்டார்; இன்னமும் பாடுகிறார். தொலைபேசியில் அந்தப் பத்து நிமிடத்தையும் ஒலிக்கவிட்டோம். முடிந்தபின் நெடுநேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம். பிறகு தணிந்த குரலில் ஒப்பாரியைத் தொடங்கினார். சிறிது தூரம் பாடிவிட்டு நிறுத்தினார்.

"இது வேற ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டது தம்பி. ஒங்க பெரியப்பா பாடுறது இப்படி இருக்காது."

கணினியில் ஏறிய கோப்பை நாங்கள் வெட்டவில்லை. சாபத்தை நீக்கிவிட்டுப் பெரியப்பாவை மட்டும் தனியே எடுத்துவைப்பது எளிய காரியம்தான். ஆனால் என்ன நடந்தது என்பது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வருகிற மாசியில், பூச்சொரிதலுக்கு முன்னால், வீரப்பூர் போவதாக இருக்கிறோம். நல்ல கருவி ஒன்றை வாங்கியாயிற்று. பின்பாட்டுக்காரரிடம் பதிவு செய்துகொள்ளலாமா என்று அனுமதி கேட்டோம்.

"அது கெடக்கட்டும்" என்றார். "ரெண்டு பேரும் வந்து எதுக்க உக்காருங்க. 'ஆமா' போட எனக்கும் ஆளு இல்ல."